மணல் ஆத்துக்கு எந்தப் படகு?

வாடா பேராண்டி, மொதல்ல மூஞ்சி கழுவிக்கினு வந்து திண்ணையில உக்காரு. நேத்து ராத்திரி ஏலகிரி எக்ஸ்பிரஸ்ல வந்து எறங்கினவன், விடிஞ்சும் விடியாம போனை என் மூக்குக்கு நேரா நீட்டினா எனக்கு இன்னா தெரியும்? கண்ணாடி உள்ள இருக்கு. இன்னாது, கயாக்கா? அதைத்தான் ராத்திரி உள்ள வர்றசொல்லவே கத்தின. உங்க பாட்டி காதுல அது 'காய் ஆக்கு'ன்னு விழுந்திருக்கு. விடியக்காலையிலயே அருவாமணையைப் போட்டுக்கினு கத்திரிக்காய் அரிய உக்காந்துட்டா. நீ படகு வாங்கறியோ இல்லையோ, மத்தியானம் கத்திரிக்காய் தொக்கு நிச்சயம்.

சரி, காட்டு. ரெண்டு படகு. ஒண்ணு பைபர்கிளாஸ். பளபளன்னு, மூக்கு ஊசி மாதிரி, கல்யாண மாப்பிள்ளை கணக்கா நிக்குது. இன்னொண்ணு பிளாஸ்டிக். மஞ்சளா, கொஞ்சம் தொப்பையா, மாப்பிள்ளைத் தோழன் மாதிரி. இதுல எதை வாங்கலாம்னு என்னைக் கேக்கற. நாப்பது வருஷம் டேனரியில தோலைத் தடவித் தடவி இது மொதல் ரகம், இது ரெண்டாம் ரகம், இது கழிசல்னு பிரிச்ச கை இது. அந்தக் கையை நம்பிப் படகு வாங்க வந்திருக்கியே, உன் அறிவுக்கு ஆம்பூர்ல ஒரு பிரியாணி வாங்கித் தரலாம். துட்டு நீ குடு.

நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. தண்ணி எங்கடா?

வேலூரைப் பத்தி ஒரு பேச்சு உண்டு. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலைன்னு வெளியூர்க்காரன் வெத்தலை மென்னுக்கினே சொல்லுவான். அதுல கோயில் கொறையை 1981ல தீத்துட்டாங்க. ஜலகண்டேஸ்வரரைக் கோட்டைக்குள்ள கொண்டாந்து வெச்சாச்சு. ஜலத்துக்கு நடுவுல இருக்கற சாமி வந்துட்டாரு, ஜலம்தான் இன்னும் கெளம்பி வந்துக்கினே இருக்கு. 2019ல ஜில்லாவை மூணாப் பிரிச்சு நம்மளைத் திருப்பத்தூர் பக்கம் தள்ளினாங்களே, அப்பக்கூட ஆத்துத் தண்ணியில உனக்கு எவ்வளவு எனக்கு எவ்வளவுன்னு ஒருத்தனும் வாய் தொறக்கல. இல்லாத சொத்துக்கு எவன்டா பங்கு கேப்பான்?

பள்ளிக்கூடத்துல எழுதிப் போடுவாங்க: பாலாறு நந்தி மலையில பொறந்து, கர்நாடகாவுல 93 கிலோமீட்டர், ஆந்திராவுல 33, தமிழ்நாட்டுல 222 கிலோமீட்டர் ஓடி, வயலூர்கிட்ட கடல்ல கலக்குது. ஓடுதுன்னு எழுதினதுல தப்பில்ல. ஆத்துல லாரி ஓடினாலும் அது ஓட்டம்தானே. 1892லயே மைசூரும் மெட்ராசும் தண்ணிக்கு ஒப்பந்தம் போட்டுக்கிச்சு. காகிதம் பத்திரமா இருக்கு, நனையவே இல்ல.

ஆனா வந்தா எப்படி வரும் தெரியுமா? 1903ல வாணியம்பாடியை வாரிக்கினு போச்சுன்னு எங்க தாத்தா சொல்லுவாரு. அவரு அப்ப அரைஞாண் கயிறு மட்டும் கட்டிக்கினு திரிஞ்ச பையன். அப்புறம் 2021 நவம்பர்ல வந்துச்சே, கரை எது வயல் எதுன்னு தெரியாம. உனக்குக்கூட நான் வீடியோ எடுத்து அனுப்பினேன், முக்கால்வாசி என் கட்டை விரல்தான் தெரிஞ்சுதுன்னு சிரிச்ச. அந்த வெள்ளத்துல நீ படகை எறக்கியிருந்தா, அது பைபரா பிளாஸ்டிக்கான்னு யாரும் விசாரிச்சிருக்க மாட்டாங்க. வயலூர்ல எவன் வலையில மாட்டுச்சுன்னுதான் விசாரிச்சிருப்பாங்க. ஆகமொத்தம் பாலாத்துல படகு விடணும்னா ஒண்ணு நீ ரொம்பப் பொறுமைசாலியா இருக்கணும், இல்ல படகுக்கு அடியில நாலு சக்கரம் இருக்கணும்.

சரி சரி, போனை உள்ள வெக்காத. வெளியூர்த் தண்ணியில விடுவேன்னு சொல்ற, விடு. என்னைக் கேட்டதும் தப்பில்ல. ஏன்னு சொல்றேன். நீ கேக்கற கயாக்கு எங்க யாவாரம்டா.

வடக்க கிரீன்லாந்து, அலாஸ்கா பக்கம் இனுயிட்டுன்னு சனங்க. அங்க பனியில மரம் எங்க முளைக்கும்? கடல் கரையில ஒதுக்கின கட்டை, திமிங்கல எலும்பு, இதை வெச்சுக் கூடு கட்டுவாங்க. அது மேல கடல்நாய்த் தோலை ஈரமா இழுத்துப் போத்தித் தைப்பாங்க. தைக்கறது பொம்பளைங்க. ஊசி தோலோட கனத்துல பாதி வரைக்கும்தான் போவும், மறுபக்கம் எட்டிப் பாக்காம அப்படியே திரும்பிடும். முழு ஓட்டை விழுந்தாத்தானே தண்ணி உள்ள வரும்? நம்ம தெருவுல ஷூ கம்பெனிக்குத் தையலுக்குப் போற பொண்ணுங்ககிட்ட இதைச் சொன்னேன். "தாத்தா, எங்களுக்கு மணிக்கு இத்தனை ஜோடின்னு கணக்கு. அந்தத் தையல் போட்டா சூப்பர்வைசர் எங்க வாயைத் தைச்சிடுவாரு"ன்னு சொல்லிட்டு வேன் ஏறிட்டாங்க. தோல் காஞ்சா மேளம் மாதிரி இறுகிடும். மேல கொழுப்பு தடவிட்டா தண்ணி ஏறாது. நாங்க டாகிள் பலகையில தோலை நாலா பக்கமும் கவ்வி இழுத்துக் காய வெக்கறோமே, அதே வேலைதான். அவங்க இழுத்த தோல் கடலுக்குப் போச்சு, நாங்க இழுத்தது கப்பல் ஏறி ஜெர்மனிக்குப் போச்சு. ரெண்டும் தண்ணி மேலதான் போச்சு.

அவ்வளவு தூரம் ஏன்? ஒகேனக்கல் பரிசலைப் பாரு. மூங்கில் பிளாச்சுல கூடை, மேல எருமைத் தோல். அதுல ஏறிக் காவேரியைத் தாண்டினாங்க. இப்ப தோல் போயி பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் வந்துடுச்சு. அப்பல்லாம் நம்ம ஊர்க் கெணத்துல கவலை எறைக்கறப்ப மாடு பின்னால வந்து முன்னால போவசொல்ல, சாலுக்கு அடியில தோல் வால் ஒண்ணு தொங்கும் பாரு, அதுலதான் தண்ணி வாய்க்கால்ல கொட்டும். தோல்ன்றது தண்ணியைத் தடுக்கவும் தெரிஞ்ச சாமான், விடவும் தெரிஞ்ச சாமான். நீ போன்ல வெச்சுக்கினு இருக்கற பைபரும் பிளாஸ்டிக்கும் நேத்து வந்த மருமகனுங்க. மாமனார் நாங்க.

மாமனாரை எங்க உக்கார வெக்கணும்னு ஒரு மொறை இருக்கு, அது வேற. 1806ல வேலூர்க் கோட்டையில வெள்ளைக்காரன் சிப்பாய்ங்களுக்குப் புதுசா ஒரு தொப்பி குடுத்தான், தோல்ல செஞ்ச சொருகல் ஒண்ணு வெச்சு. தாடியை எடு, நெத்தியில இருக்கறதை அழின்னு வேற சொன்னான். ஜூலை 10 விடியறதுக்குள்ள கோட்டை அவன் கையை விட்டுப் போச்சு. ஆற்காட்டுலருந்து குதிரைப்படை ஓடியாந்துதான் அன்னிக்கே திரும்பப் பிடிச்சான். அடுத்தவன் தலையில இன்னா சாமானை வெக்கறோம்னு யோசிக்கணும். உன் தலையில படகு விக்கறவன் போன்ல வெக்கறதைப் பத்திதான் இப்ப பேச்சு.

டேனரியில பதப்படுத்த ரெண்டு வழி. ஆவாரம்பட்டை, கடுக்காய்ல ஊற வெக்கறது ஒண்ணு. குரோம் போட்டு டிரம்முல சுத்தி நீலமா வெளிய எடுக்கறது இன்னொண்ணு, வெட் ப்ளூன்னு சொல்லுவோம். பட்டைத் தோல் வெறைப்பா நிக்கும், குடுத்த வடிவத்தை விடாது, அடிச் சோலுக்கு ஆவும். வெடுக்குன்னு மடக்கினா வெடிச்சிடும். குரோம் தோல் வளைஞ்சு குடுக்கும், இழுத்தா நீளும், மேல் பாகத்துக்கு ஆவும். அதை வெச்சு சோல் போட்டா வெறைப்பா நிக்காது. உன் பைபர் பட்டைத் தோல். உன் பிளாஸ்டிக் குரோம் தோல். முடிஞ்சுது, போய்க் காப்பி குடி.

முடியலையா? மெட்ராஸ்ல உக்காந்து கம்ப்யூட்டரைத் தட்டறவனுக்குக் கண்ணால காட்டினாத்தான் ஏறும். எழுந்திரு, கொல்லைக்கு வா.

மாட்டுக் கொட்டாய் மேல பச்சையா ஒரு ஷீட்டு தெரியுதா? அதான் உன் பைபர் படகு. கண்ணாடியைத் தலைமயிரை விட மெல்லிசா நூல் இழுத்து, பாய் மாதிரி மேட்டாப் பரப்பி, ரெசினைத் தடவி இறுக வெச்சது. படகுக்குன்னா அச்சு ஒண்ணு வேணும். மொதல்ல அச்சுல ஜெல் கோட்டுன்னு ஒரு பூச்சு, உன் போன்ல மின்னுதே அதான். அதுக்கு மேல மேட்டு, ரெசின், மறுபடி மேட்டு, ரெசின். உருளையால உருட்டி உள்ள மாட்டின காத்தை வெளிய தள்ளணும். ரெசின்ல ஒரு மருந்து கலப்பாங்க, அது தானா சூடேறிக் கல்லாயிடும். மூக்கைப் பிடுங்கற நெடி அடிக்கும். எங்க சுண்ணாம்புக் குழி பக்கம் நின்ன மூக்குக்கு அதெல்லாம் மல்லிப்பூ.

போட்ட புதுசுல இந்த ஷீட்டு உன் படகாட்டம்தான் மின்னுச்சு. நம்ம ஊர் வெயில் மேல இருந்த ரெசினைத் தின்னுடுச்சு. நார் நாரா கண்ணாடி வெளிய வந்துச்சு. அது தெரியாம உங்கப்பன் ஒரு நாள் சட்டையில்லாம இதைத் தோள்ல தூக்கிக்கினு வந்து ரெண்டு நாள் சொறிஞ்சான். ஆத்தா வந்திருக்கான்னு உங்க பாட்டி வாசல்ல வேப்பிலை சொருகி, அவனுக்கு இளநியும் மோருமாக் குடுத்தா. மூணாம் நாள் வேலைக்குப் போவ மனசு வரலை அவனுக்கு. படகுல ஜெல் கோட்டு இருக்கறதால அவ்வளவு சீக்கிரம் நார் வராது. ஆனா சுண்ணாம்பு பூத்தாப்பல வெளுக்கும். அப்பப்ப மெழுகு போட்டுத் தேய்க்கணும். உன் செருப்புக்கே நீ பாலிஷ் போட்டு நான் பாத்ததில்ல.

இப்ப அந்த ஓரத்தைப் பாரு, நட்சத்திரம் மாதிரி விரிசல். போன வருஷம் தென்னை மரத்துலருந்து ஒரு காய் விழுந்துச்சு. அப்படியே நிமிர்ந்து மாடி மேல பாரு, கறுப்பு வாட்டர் டேங்க். அதே மரம், அடுத்த வாரம் இன்னொரு காய். டொம்முன்னு ஒரு சத்தம். காய் எகிறிப் பக்கத்து வூட்டுல விழுந்து அவங்க சட்டினி அரைச்சுட்டாங்க. டேங்குக்கு ஒரு கீறல் கெடையாது. பைபர் அடி வாங்கினா வெடிக்கும். பிளாஸ்டிக் அடி வாங்கினா வளைஞ்சு குடுத்துட்டு ஒண்ணுமே நடக்காத மாதிரி நிமிர்ந்துக்கும். அரசியல்வாதி மாதிரி.

அந்த டேங்குதான் உன் மஞ்சள் படகு. ரெண்டும் ஒரே சாமான், பாலித்தீன். 1933ல இங்கிலாந்துல ரெண்டு பேர் வேற எதையோ செய்யப் போயி, மெழுகு மாதிரி இது தங்கிக் கெடந்துச்சாம். செய்யற விதமும் ஒண்ணு. இரும்பு அச்சுக்குள்ள பிளாஸ்டிக் மாவைக் கொட்டி மூடி, அடுப்புக்குள்ள வெச்சு மேலயும் கீழயும் பக்கவாட்டுலயும் சுத்துவாங்க. மாவு உருகி அச்சோட சுவர் முழுக்க ஒட்டிக்கும். உங்க பாட்டி ஆப்பச் சட்டியை ஒரு சுழட்டு சுழட்டுவா பாரு, அதைத்தான் பெரிய மெஷின் செய்யுது. ஆப்பத்துக்கு ஓரம் முறுகலா வரும், படகுக்கு வராது.

பிளாஸ்டிக்குதான் கெட்டிக்காரன்னு முடிவு பண்ணிட்ட மாதிரி தெரியுது. பொறு. டேங்குல குழாய் மாட்டின எடத்துல ஒரு சின்ன வெடிப்பு விழுந்து ஒழுகுச்சு. எம்-சீல் வெச்சேன், உரிஞ்சு வந்துச்சு. சைக்கிள் கடை சொலூஷனைத் தடவி டியூப் துண்டு ஒட்டினேன், மறுநாள் துண்டு தரையில கெடக்குது. உங்க பாட்டி துணி துவைக்கற சோப்பை அழுத்தி வெச்சா, அதான் பத்து நாள் நின்னுச்சு. அந்தப் பத்து நாளும் தண்ணி நுரைச்சு வந்துச்சு. பாலித்தீனுக்குச் சாதாரணப் பசை எதுவும் ஒட்டாது, அது யாரோடயும் சேராத ஜாதி. கடைசியில ஒரு பையன் வந்து சூட்டுக்கோலைக் காய வெச்சு, அதே பிளாஸ்டிக் துண்டை உருக்கி ஊத்தி அடைச்சான். பாக்கத் தழும்பாட்டம் இருக்கு, ஆனா ஒழுகல. ஷீட்டு விரிசலுக்கு அந்தத் தொல்லையே இல்ல. உப்புத்தாளால தேய்ச்சு, ஒரு கை மேட்டு, ஒரு கப்பு ரெசின், அரை நாள் வேலை. ஆக பிளாஸ்டிக் சீக்கிரம் ஒடையாது, ஒடைஞ்சா லேசுல சேராது. பைபர் சீக்கிரம் ஒடையும், எத்தனை வாட்டி ஒடைஞ்சாலும் சேத்துக்கலாம். உங்க பெரியப்பனும் சித்தப்பனும் மாதிரின்னு சொல்லுவேன், உள்ள உங்க பாட்டி காதைத் தீட்டிக்கினு இருக்கா.

இன்னொரு வேடிக்கை காட்டறேன். அந்த பக்கெட்டுல தண்ணி மொண்டு வா. இது டேங்குல குழாய் மாட்ட ஓட்டை போட்டப்ப விழுந்த வட்டத் துண்டு, நான் எதையும் தூக்கிப் போடறவன் இல்ல. போடு தண்ணியில. மிதக்குது பாத்தியா? பாலித்தீன் தண்ணியை விட லேசு. இது பைபர் ஷீட்டோட ஓரத் துண்டு. போடு. போயிடுச்சு அடிக்கு. ஒல்லியா இருக்கறவன் லேசா இருப்பான்னு நம்பாத. பைபர் படகு மொத்தமாத் தூக்கசொல்ல லேசா இருக்குதுன்னா, அது வெறைப்பா இருக்கறதால மெல்லிசா செஞ்சாப் போதும்ன்றதாலதான். கடல்ல ஓட்டற 16, 17 அடி கயாக்கு பைபர்ல சுமாரா 23லருந்து 25 கிலோ வரும், ஒரு சிப்பம் அரிசி. பிளாஸ்டிக்கு கனமா ஊத்தினாத்தான் நிக்கும், அதே நீளம் 27, 30 கிலோன்னு போவும். ஆனா பைபர்ல தண்ணி பூந்துச்சுன்னா, மூக்குலயும் வால்லயும் காத்தடைச்ச அறை இருந்தாத்தான் மேல நிக்கும். இல்லன்னா பக்கெட்டுக்குள்ள இப்ப கெடக்குதே, அதான் கதி. வாங்கசொல்ல அந்த அறை இருக்குதா, மூடி இறுக்கமா இருக்குதான்னு பாரு. பிளாஸ்டிக்கா இருந்தாலும் பாரு, மிதக்கற படகுல தண்ணி ரொம்பினா அது படகு இல்ல, தொட்டி.

வெலை? வெளிநாட்டுல பைபர்தான் வெலை ஜாஸ்தி, ஏன்னா ஒவ்வொண்ணும் கை வேலை, அங்க கைக்குக் கூலி அதிகம். நம்ம பக்கம் கதை தலைகீழாவும் இருக்கும். பிளாஸ்டிக்குக்கு அச்சும் அடுப்பும் வெக்கவே பெரிய மொதல் வேணும், நூறு எரநூறுன்னு ஊத்தினாத்தான் கட்டும். பைபருக்கு ஒரு ஷெட்டு, ஒரு அச்சு, ரெண்டு ஆளு போதும். அதனால சல்லிசாவும் கெடைக்கும். சல்லிசுன்ற எடத்துலதான் தாத்தா கையைப் பிடிச்சு இழுக்கறேன். 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் நம்ம கடக்கரை முழுக்கக் கட்டுமரம் போயி பைபர் போட்டு வந்து குவிஞ்சுது. தர்ம காரியம், அவசரம். அந்த அவசரத்துல படகே கட்டாதவனெல்லாம் படகு கட்டினான். ரெசினை ஊத்த வேண்டிய எடத்துல ஊத்தாம, ஊத்தக் கூடாத எடத்துல கொட்டி, அலையில ரெண்டு வாட்டி எறங்கினதும் வாயைப் பொளந்த போட்டுங்க உண்டு. நல்லா கட்டினதும் உண்டு. 2015 டிசம்பர்ல மெட்ராஸ் முழுகினப்ப மீன்காரங்க லாரியில ஏத்திக்கினு போயித் தெருத்தெருவா ஆளுங்களைத் தூக்கினது அந்தப் பைபர் போட்டுலதான்.

எப்படிக் கண்டுபிடிக்கறது? சந்தையில உங்க பாட்டி பானை வாங்கறதைப் பாத்திருக்கியா? கடைக்காரன் பேச்சைக் காதுல வாங்க மாட்டா, பானையைத் தட்டுவா. நீயும் தட்டு. விரல் மொட்டியால மூக்குலருந்து வால் வரைக்கும் தட்டிக்கினே போ. 'டணக்'னு ஒரே சத்தம் வந்தா சரி. நடுவுல எங்கனா 'தொப்'புன்னு செத்த சத்தம் வந்தா அங்க மேட்டு ஒட்டல, உள்ள காத்து. அப்புறம் டார்ச்சை உள்ள அடிச்சுப் பாரு. வெள்ளை வெள்ளையா திட்டு தெரிஞ்சா ரெசின் குடிக்காத நார். பிளாஸ்டிக்குக்குத் தட்டறது வேலைக்கு ஆவாது. உள்ள டார்ச்சை வெச்சு வெளியருந்து பாரு, வெளிச்சம் எங்க ஜாஸ்தி ஊடுருவுதோ அங்க மாவு கம்மி. அடிப்பக்கமா இருந்தா வேணாம்னு சொல்லிட்டு நடையைக் கட்டு. கடைக்காரன் கூப்புடுவான். மொதல் வாட்டி கூப்புட்டா திரும்பாத.

எங்க ஓட்டப் போற, அதைச் சொல்லு. ஏலகிரி புங்கனூர் ஏரியா? பதினாலு கொண்டை ஊசி வளைவு. உன் நண்பன் கார் மேல பதினாறு அடிப் படகைக் கட்டிக்கினு திரும்பினா, கார் ஒரு வளைவுல இருக்கும், படகு மூக்கு அடுத்த வளைவுல இருக்கும். எதிர்ல வர்ற பஸ்ஸு டிரைவர் உங்க அம்மாவை விசாரிப்பாரு. மேல ஏறிட்டா அங்கயே மிதி படகும் துடுப்புப் படகும் வாடகைக்கு இருக்கு. சாத்தனூர் அணையா? அங்க முதலைப் பண்ணை இருக்கு. முதலைக்குப் பைபரா பிளாஸ்டிக்கான்ற பாகுபாடு கெடையாது. ஒகேனக்கல்ல பாறை, கேரளாவுல கோடஞ்சேரி பக்கம் மலையாத்துல கயாக்குப் போட்டி நடத்தறாங்களே அங்கயும் பாறை. பாறைன்னா யோசிக்காம பிளாஸ்டிக். பைபரைக் கொண்டு போனா பக்கத்துலயே ஒரு பையனை ரெசின் வாளியோட உக்கார வெக்கணும். பிச்சாவரத்துலயும் ராமநாதபுரம் காரங்காட்டுலயும் சதுப்புக் காடு. தண்ணி சாந்தம்தான், ஆனா வேரும் சிப்பியும் அடியைச் சுரண்டிக்கினே இருக்கும். அங்கயும் பிளாஸ்டிக்குதான் மானத்தைக் காப்பாத்தும், உடம்பு பூரா கீறல் விழும், அது கணக்கில்ல. பெரிய ஏரி, திறந்த கடல், விடியக்காலையில எறங்கிப் பத்து இருவது கிலோமீட்டர் நேரா போய்க்கினே இருக்கணும்னா அப்ப பைபர். வெறைப்பா இருக்கறதால நீ போடற ஒவ்வொரு துடுப்பும் முன்னால போறதுக்கே ஆவும். பிளாஸ்டிக்கு உன் பலத்துல ஒரு பங்கைத் தான் நெளியறதுக்கு எடுத்துக்கும், கமிஷன் மாதிரி.

துடுப்புக்கு இங்கிலீசுல பேடலா? எங்களுக்கும் உண்டுடா. டேனரியில பேடல் தொட்டின்னு இருக்கு, தண்ணிச் சக்கரம் மாதிரி சுத்தித் தோலை அலசும். அது எங்களை எங்கயும் கூட்டிக்கினு போவல, நின்ன எடத்துலயே நாப்பது வருஷம் சுத்துச்சு.

வெயிலை மறந்துடாத. நம்ம ஊர் கத்திரியில பிளாஸ்டிக்குப் படகைக் கார் மேல இறுக்கிக் கட்டி நிறுத்தினா, கயிறு அழுத்தின எடம் உள்ள போயிடும். பதறாத, கயிறை அவுத்து வெயில்லயே விடு, தானா நிமிரப் பாக்கும். இல்லன்னா வெந்நீர் ஊத்து. பைபரை அப்படிக் கட்டினா நிமிர வேண்டிய வேலையே இல்ல, ஆனா கயிறு கழண்டு ரோட்டுல விழுந்துச்சுன்னா அள்ளிக்கினு வரக் கோணி எடுத்துக்கினு போ.

இதையெல்லாம் விட ஒண்ணு. இனுயிட்டுக்காரன் கடைக்குப் போயிப் படகு வாங்கல. அவன் கையை விரிச்சா எவ்வளவோ அதுக்கு மூணு மடங்கு நீளம்னு அளந்து கட்டிக்கினான், இடுப்புக்கு ஏத்த வாய் வெச்சான். அளவு எடுத்துத் தைச்ச செருப்பு மாதிரி. இந்த ஜில்லாவுலருந்து உலகம் பூரா ஷூ போவுது, எந்த ஊர்லயும் எவனும் தோல் நல்லாயிருக்குன்னு ஏழாம் நம்பர் காலை ஆறாம் நம்பருக்குள்ள திணிக்க மாட்டான். நீ இடுப்பைப் பாத்தியா? அந்த ஊசி மூக்குப் பைபருக்குள்ள நீ எறங்கிடுவ, அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஏர்றதுக்குத்தான் நாலு பேர் வேணும். மேல உக்கார்ற மாதிரி ஒரு தினுசு இருக்கு, பெரும்பாலும் பிளாஸ்டிக்குலதான் வருது. உள்ள வந்த தண்ணி ஓட்டை வழியா தானா வெளிய போயிடும், கவுந்தாலும் பலகையில ஏர்ற மாதிரி ஏறிக்கலாம். உனக்கு அதான். இதைக் கேட்டு மூஞ்சியைச் சுளிப்பன்னு தெரியும், போட்டோவுல பைபர்தான் அழகு.

கவுந்தாலும்னு சொன்னதும் ஞாபகம் வருது. உனக்கு நீச்சல் தெரியுமாடா?

ஏன் பேச்சு மூச்சக் காணோம்? ரெண்டு மாசமா படகு பாத்திருக்க, எந்த ரெசின், எவ்வளவு மைக்ரான், எந்தக் கலருன்னு எல்லாம் பாத்திருக்க. தண்ணியில விழுந்தா இன்னா பண்றதுன்னு பாக்கல. மிதவைச் சட்டை வாங்குவேன்னு சொல்லு, வாங்கணும், கழட்டவும் கூடாது. ஆனா அதைப் போட்டுக்கினு பயத்துல கையைக் காலை ஒதறினா மீனுங்க சிரிக்கும்.

நம்ம வூட்டுக் கெணத்துல எறக்க மாட்டேன். அந்தத் தண்ணி உப்பு, தோலுக்கு ஆவாது. உன் தோலைச் சொன்னேன். 1996ல சுப்ரீம் கோர்ட்டு வேலூர் குடிமக்கள் போட்ட கேசுல டேனரிக்குப் பத்தாயிரம் ரூபா அபராதம் போட்டு, சுத்திகரிச்சாத்தான் நடத்தலாம்னு சொல்லுச்சு. அதுக்கு முன்னாடி எத்தனை வருஷம் கழிவை அப்படியே ஆத்துல விட்டோம்னு எனக்குத் தெரியும். தொட்டியைத் தொறந்து விட்ட கையில இதுவும் ஒண்ணு. அந்தக் கூலியிலதான் உங்கப்பன் படிச்சான், அவன் படிச்சதாலதான் நீ போன்ல படகு பாக்கற. அதைப் பேச ஒரு நாள் பத்தாது.

மலையடிவாரத்துல உங்க சின்னத் தாத்தா கெணறு இருக்கு. நல்ல தண்ணி, படிக்கட்டு இருக்கு, ரெண்டாள் ஆழம். உங்கப்பனை நான் அங்கதான் தள்ளி வுட்டேன், முதுகுல சுரைக்குடுக்கை கட்டி. நாளைக்குக் காலையில ஆறு மணிக்குக் கெளம்பறோம். அரை டவுசர் எடுத்து வெச்சுக்கோ. கயிறு என்கிட்ட இருக்கு. சுரைக்குடுக்கைக்கு இப்ப எங்க போறது, உங்க பாட்டிகிட்ட அஞ்சு லிட்டர் எண்ணெய் கேன் காலியா இருக்கும், மூடி இறுக்கமா இருக்குதான்னு பாத்து வாங்கி வை. அது பிளாஸ்டிக்குதான். பைபர்ல எந்தக் கம்பெனியும் எண்ணெய் விக்கல.